பழைய கணினிக்குப் புதிய வலிமை



படப்பையிலிருந்து மேற்கே ஒரகடம் சென்று, வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூரை அடையலாம். இவ்வட்டாரம் இன்று தொழிற்சாலைகள் நிறைந்தது. டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் 2007-ஆம் ஆண்டு தன் கணினித் தொழிற்சாலையைத் தொடங்கியது. கணினி உருவாகும் மண்ணில் வாழும் நாம், அதன் உள்ளமைப்பையும் அறிந்திருப்பது பொருத்தமே அன்றோ?

அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த சிறு மேசைக் கணினிகள் குறைந்த விலைக்கு மாணவர் கைகளை அடைகின்றன. அவற்றில் வேறு பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பொருத்தி விரைவைப் பெருக்க இயலுமா? இயலும். ஆனால், விரலுக்குத் தக்க வீக்கமே நன்று.

2012-ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்டிபிளெக்ஸ் 7010 என்னும் கணினியின் சிறிய வகையைச் சான்றாகக் கொள்வோம். இதன் மதர்போர்டில் பிராசசர் அமரும் இடத்தில் 1155 தொடுமுனைகள் உள்ளன. அடுத்த தலைமுறைப் பிராசசருக்கு 1150 முனைகள். வேறுபாடு ஐந்துதான், எனினும் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. ஆகவே, இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்குள்ளேயே தேர்ந்தெடுத்தல் வேண்டும். இரண்டு உள்ளகங்களுடைய ஐ3-2120-ஐ எடுத்துவிட்டு, நான்கு உள்ளகங்களுடைய ஐ7-3770-ஐ வைக்கலாம். மின்தேவை 65 வாட்டிலிருந்து 77 வாட்டாக உயரும், வெப்பமும் கூடும். எனவே, விசிறியின் தூசியை அகற்றி, வெப்பம் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவுதல் இன்றியமையாதது. தொடுமுனைகள் மதர்போர்டிலேயே இருப்பதால், ஒன்று வளைந்தாலும் போர்டே பாழாகலாம். மின்னிணைப்பைத் துண்டித்த பின், பிராசசரை அழுத்தாமல் மெல்ல வைக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். இச்சிறு பெட்டியில் பாதி உயரக் கார்டே நுழையும். பெட்டி முழுவதற்கும் மின்சாரம் வழங்கும் பகுதியின் திறன் 240 வாட் மட்டுமே. தனி மின்கம்பி வேண்டும் பெரிய கார்டுகளுக்கு இங்கே இடமில்லை. 2017-இல் வந்த ஜிடி 1030 ஏறத்தாழ 30 வாட்டில் இயங்கும். பாதி உயரத்திலும் கிடைக்கும். ஆனால், அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் மெதுவான வகையும் விற்கப்பட்டது. பெயரை மட்டும் பார்த்து வாங்குதல் கூடாது.

இனி, செலவுக்குத் தகுந்த பயன் உண்டா என்று எண்ணுவோம். நிரல் எழுதவும் கட்டுரை தட்டச்சு செய்யவும் தனிக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பழைய சுழல்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தி, நினைவகத்தைக் கூட்டினாலே பெருமாற்றம் தெரியும். முப்பரிமாண வரைபடம் போன்ற பணிகளுக்கே கார்டின் துணை வேண்டும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியலிலோ, இன்டெல் கோர் வரிசையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை இல்லை. ஐ7-3770 எவ்வளவு விரைவாக ஓடினும் அப்பட்டியலில் இடம்பெறாது. லினக்ஸ் இயங்குதளம் இத்தகைய கணினிக்கு இன்னும் நல்வாழ்வு தரும்.

ஆதலின், கடைக்குச் செல்லுமுன் மூடியைத் திறந்து பாருங்கள். முனை, மின்திறன், இடம், வெப்பம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் உழைத்து ஈட்டிய பணம் வீணாகாது. பயனுள்ள பொருளொன்று குப்பையாவதும் தவிரும்.