நஸ்கலின் பல்லும் நம் பிள்ளைகளின் பாடநூலும்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழ்த் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



கொழிஞ்சாம்பாறையானாலும் மறையூரானாலும், வீட்டு மூலையில் ஓடும் மூஞ்சூறை எலி என்றே பலர் எண்ணுகின்றனர். அது எலியினமன்று. எலிக்கு வாழ்நாளெல்லாம் வளரும் உளிப்பற்கள். மூஞ்சூறுக்குப் பூச்சியைக் குத்தி நொறுக்கும் கூரிய பற்கள். இராஜமலை வரையாட்டின் பற்களோ புல்லை அரைப்பவை. எனினும் இம்மூன்றும், நாமும், கருவை நஞ்சுக்கொடியால் ஊட்டி வளர்க்கும் ஒரே பெருங்கிளையினர். (உயிரூட்டும் உறுப்புக்கு ‘நஞ்சு’ என்று பெயர் அமைந்தது மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு என்றும் உறுத்தலே.)

இக்கிளையின் தொடக்கத்தை நம் மலைப்பாறைகளில் தேடிப் பயனில்லை. அவை பாலூட்டிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானவை. தெலங்கானாவின் நஸ்கலில், தக்காண எரிமலைக் குழம்பின் அடுக்குகளுக்கிடையே படிந்த மண்ணிலிருந்து, ஓரிரு மில்லிமீட்டர் அளவேயான பற்கள் கிடைத்தன. ஜி.வி.ஆர். பிரசாத், அசோக் சாஹ்னி இருவரும் 1988இல் அவ்வுயிருக்கு ‘டெக்கனோலெஸ்டெஸ்’ எனப் பெயரிட்டனர். டைனோசர்களின் இறுதிக் காலமான, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது அது. பின்னர் ஆராயப்பட்ட கணுக்கால் எலும்புகள் அதனை மரமேறி என்று காட்டின.

நஞ்சுக்கொடி மென்தசை; அது கல்லில் தங்குவது அரிதினும் அரிது. பல்லும் எலும்புமே சாட்சி. கங்காருவின் கிளையில் தாடையின் ஒரு பக்கத்துக்குப் பின்கடைவாய்ப் பற்கள் நான்கு. நம் கிளையின் தொல்லினங்களில் மூன்று. கங்காருவின் இடுப்புக்கு முன்னே இரு எலும்புகள் நீண்டிருக்கும். இன்றைய நஞ்சுக்கொடிப் பாலூட்டி எதற்கும் அவை இல்லை. ஆனால் மங்கோலியாவில் கிடைத்த, நம் கிளைக்கு நெருங்கிய பழைய உறவினங்களுக்கு அவை இருந்தன என்று 1997இல் தெரியவந்தது. அவ்வெலும்புகள் மறைந்த பிறகே வயிறு தடையின்றி விரிந்து, கருவை நெடுநாள் சுமக்க இயன்றிருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து.

டெக்கனோலெஸ்டெஸ் இக்கிளையில் எங்கே நிற்கிறது? குரங்கினம் அடங்கிய கூட்டத்துக்கு நெருங்கியது என்று 2010இல் ஓர் ஆய்வு கருதியது. மறு ஆண்டே, பிரசாத்தும் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, இன்றைய நஞ்சுக்கொடியினங்களின் பொது மூதாதைக்கு முன்பே பிரிந்த உறவினம் அது என்றது. நம் மண்ணே அனைத்துக்கும் தாயகம் என முழங்கத் துடிப்போருக்கு இது கசக்கும். கண்டெடுத்தவரே சான்றுக்குத் தலைவணங்குகிறார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்தப் பாடம்தான் பறிக்கப்படுகிறது. என்.சி.இ.ஆர்.டி. 2023இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்ற பாடம் ‘மரபு’ என்று சுருங்கிவிட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். கேரள அரசின் பாடநூல் வேறு; ஆயினும் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் இங்கும் உள்ளன. அங்கே பத்துக்குப் பின் உயிரியல் எடுக்காத பிள்ளை பரிணாமத்தைப் படிக்காமலே வெளியேறும். தோட்டத் தொழிலாளர் வீடுகளிலிருந்து உயிரியல் பிரிவு வரை செல்வோர் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சிறுவர் வாசிப்பு வட்டங்களில் இதனைத் தமிழில் நடத்த முன்வரும் தோழர்கள் இன்றே பெயர் தாருங்கள். கையேட்டை நான் எழுதித் தருகிறேன்.