காற்றாடியும் கணக்குப் புத்தகமும்

(பிரதேச இளைஞர் கருத்தரங்கில் எங்கள் தொழில்நுட்பக் குழு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காற்றிலிருந்து கரண்ட் எடுப்பது பற்றிப் பேசுங்கள் என்றுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் அதோடு கணினியையும் சேர்த்துக்கொண்டோம். ஏன் என்பது போகப் போகத் தெரியும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். எங்களில் யாரும் பொறியியலாளர் இல்லை. ஒருவர் ஸ்டோரில் ஃபிட்டர். ஒருவர் ஆட்டோ திருத்துகிறவர். இரண்டு பேர் கொழும்பில் போன் கடையில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள். இன்னொருவர் கொழுந்து எடுக்கும் அக்கா. கணக்கில் அவரை வெல்ல எங்களில் ஆளில்லை. பழைய சாமான்களைக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறோம்.

எங்கே போனாலும் ஒரே கேள்விதான் வருகிறது. "மேட்டு லயத்தில் தகரம் பறக்கிற அளவுக்குக் காற்றடிக்கிறதே, அதை வைத்து ஒரு லயத்துக்கே வெளிச்சம் குடுக்க ஏலாதா?" என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு மீற்றர் அகலத்தில் சுற்றும் ஒரு காற்றாடியை வைத்துக்கொள்ளுங்கள். காற்று செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் வீசினால், அந்த வட்டத்தினூடாகப் போகும் காற்றில் மொத்தமாக 120 வோட் அளவு சக்தி இருக்கும். அதில் 59 வீதத்துக்கு மேல் எவராலும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் நாட்டு பெட்ஸ் என்பவர் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கையால் செய்த காற்றாடி கால் பங்கைத் தந்தால் நல்ல காற்றாடி. ஆக 30 வோட். இதே காற்று இரண்டு மடங்கு வேகமாக, 8 மீற்றரில் வீசினால் 60 வோட் வரும் என்று நினைப்பீர்கள். இல்லை, எட்டு மடங்காகி 240 வோட் வரும். வேகம் பாதியானால் எட்டில் ஒன்றாகிவிடும், அநேகமாகக் காற்றாடி சுற்றவே சுற்றாது. இன்னொன்றும் உண்டு. 5000 அடி உயரத்தில் காற்று ஐதாக இருக்கிறது. ஆகவே இதிலும் ஏழில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே தகரம் பறக்கிற நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வருடத்தில் எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் மிதமான காற்று விடாமல் வீசுகிறது என்பதுதான் கேள்வி. ஊவாப் பக்கத்துத் தோழர்களுக்கு இது தெரியும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கும் அந்த வறண்ட காற்றுதான் ஊவா தேயிலைக்கு வாசமும் விலையும் கொடுக்கிறது. ஹப்புத்தளை இடைவெளியில் நிற்பவருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே தோட்டத்தில் பள்ளத்தில் இருக்கும் பணிய லயத்தில் அந்த மாதங்களில்கூட இலை அசையாத இடங்கள் உண்டு. அம்பேவெலவில் பெரிய காற்றாலைகள் சுற்றுகின்றன என்பதால் அடுத்த மலையின் மடிப்பிலும் சுற்றும் என்று எண்ண வேண்டாம். மன்னாரில் 30 காற்றாலைகள் சேர்ந்து 103.5 மெகாவோட் தருவது கடலோரச் சமவெளியில். அங்கே காற்றை மறிக்க மலையும் இல்லை, சவுக்கு மரமும் இல்லை.

சரி, காற்று நல்ல இடம் என்று வைப்போம். மின்னாக்கிக்கு எங்கே போவது? உடனே கண்ணில் படுவது கராஜில் கிடக்கும் கார் ஆல்டர்னேட்டர். அதை விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் தீர்மானம். அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் பற்றரிக்கு ஏதாவது கொடுக்கும். நாங்கள் சொன்ன இரண்டு மீற்றர் காற்றாடி மிதமான காற்றில் 230 சுற்றுத்தான் சுற்றும். பட்டி போட்டு, பல்சக்கரம் போட்டு வேகத்தைக் கூட்டினால், கிடைக்கிற கொஞ்சமும் உராய்விலேயே போய்விடும். அதோடு ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் மின்காந்தம் தன் பங்குக்குப் பற்றரியிலிருந்தே கரண்ட் குடிக்கும். சைக்கிள் டைனமோ ஏறக்குறைய 3 வோட், அவ்வளவுதான்.

நிரந்தரக் காந்தம் உள்ள, மெதுவாகச் சுற்றினாலும் வேலை செய்யும் மோட்டார்தான் வேண்டும். பழுதான மின்சார சைக்கிளின் சில்லில் இருக்கும் ஹப் மோட்டார், பல்சக்கரம் இல்லாத வகை என்றால், நல்லது. இல்லையென்றால் தாங்களே செய்யும் முறை ஒன்றும் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் வடமேற்கில் ஸ்கோரெய்க் என்று பாதைகூடப் போகாத ஒரு கரை இருக்கிறது. அங்கே குடியிருந்த ஹியூ பிகொட் என்பவர் 1970களிலிருந்து காற்றாடி செய்துவருகிறார். வாகனத்தின் சில்லு ஹப், அதில் காந்தம் ஒட்டிய இரண்டு இரும்புத் தட்டு, நடுவில் பிசினில் உறைய வைத்த செப்புச் சுருள்கள், மரத்தில் செதுக்கிய மூன்று இறக்கை. உலகம் முழுக்க இன்று வீட்டுக் காற்றாடி செய்கிறவர்களில் பலர் அவருடைய வழியில்தான் செய்கிறார்கள். அந்தக் காந்தங்களிடம் மட்டும் விளையாட வேண்டாம். இரண்டு தட்டுக்கும் நடுவே விரல் போனால் விரல் மிஞ்சாது.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்தச் சின்னக் காற்றாடியின் இறக்கை நுனி, பலத்த காற்றில் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் போகும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அதை நிறுத்தக் கூடாது. லயத்துக் கூரையில் கட்டவே கூடாது. கூரை மேல் காற்று சுழன்று சுழன்று வரும், கரண்ட் வராது. நூறு வருடச் சுவர் அதிர்வதுதான் மிச்சம். 300 அடி சுற்றளவில் எது உயரமோ அதற்கு மேல் 30 அடி உயர்ந்திருக்க வேண்டும், நாலு பக்கமும் இழுவைக் கம்பி வேண்டும். காற்று மிஞ்சினால் தானாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மடக்கு வால் வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போது பற்றரி வயரைக் கழற்றவே கூடாது. பாரம் இல்லாத காற்றாடி வெறிபிடித்துச் சுற்றும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி விழும் மலைகள் இவை என்பதையும் மறக்க வேண்டாம்.

மலாவி நாட்டு வில்லியம் கம்க்வம்பாவின் கதையை உங்களில் சிலர் படமாகப் பார்த்திருப்பீர்கள். அதுவும் நம்மைப் போல் தேயிலை விளையும் நாடுதான், ஆனால் அவருடைய ஊர் சோளமும் புகையிலையும் விளைகிற பக்கம். 2001-02 பஞ்சத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் நின்ற பையன், கிராமத்து வாசிகசாலையில் 'யூசிங் எனர்ஜி' என்ற புத்தகத்தைப் பார்த்து, பழைய சைக்கிள், டிராக்டர் விசிறி, பி.வி.சி. குழாய் என்று கிடைத்ததை வைத்துக் காற்றாடி கட்டினார். எரிந்தது சில சின்ன பல்புகளும் ஒரு ரேடியோவும். பக்கத்தில் உள்ளவர்கள் போன் சார்ஜ் பண்ண வந்தார்கள். அந்த அளவை நாங்கள் குறைவாக நினைக்கவில்லை. கதையைக் கேட்டுவிட்டு "அப்போ குக்கரும் போடலாம்" என்று வருகிறார்களே, அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறோம்.

30 வோட் பத்து மணித்தியாலம் வந்தால் 300 வோட்-மணி. பற்றரியில் போட்டு எடுப்பதில் ஐந்தில் ஒன்று வீணாகும். மிச்சம் 240. நாலு எல்.இ.டி. பல்பு நாலு மணித்தியாலம் 80. நாலு போன் 60. ஒரு மடிக்கணினி மூன்று மணித்தியாலம் 90. முடிந்தது. 700 வோட் சோற்றுக் குக்கர் அரை மணித்தியாலத்தில் 350ஐ விழுங்கிவிடும்.

வயரையும் கவனியுங்கள். 12 வோல்டில் 10 அம்பியரை 30 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் கொண்டுபோனால் 4 வோல்டுக்கு மேல் கம்பியிலேயே சூடாகிப் போய்விடும். காற்றாடி மேட்டில், பற்றரி பள்ளத்தில் என்றால் முதலில் வயருக்குக் காசு சேர்க்க வேண்டும்.

சோலர் பெனல் இன்று இதைவிட மலிவு, சுற்றும் உறுப்பும் இல்லை. மழை மாதங்களில் மட்டும் ஏமாற்றும். அந்த மாதங்களில் காற்றாடி கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஆனால் நம் மலைக்கு இரண்டையும்விடப் பொருத்தமானது தண்ணீர். முந்தி எத்தனையோ ஸ்டோர்கள் ஓடையில் வைத்த டர்பைனில்தான் ஓடின. பெரிய லைன் வந்ததும் அவற்றில் பலதைத் துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். இரவும் பகலும் பீலியில் கொட்டுகிற தண்ணீர் வரட்சிக் காலம் தவிர நிற்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். லக்சபான 1950இல் வந்தது. மேல் கொத்மலை 150 மெகாவோட்டோடு 2012இல் வந்தது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த தண்ணீர் நம் மலையிலிருந்து போன தண்ணீர். இன்றும் லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டுத் தனியாக வந்த மகனோ மகளோ மீற்றர் கேட்டுப் போனால், நிர்வாகத்தின் கடிதம் எங்கே, காணி உறுதி எங்கே என்று திருப்பி அனுப்புகிறார்கள். பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து எரிக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்குக் காற்றாடி கட்டிக் கொடுத்துவிட்டு இணைப்புக் கோரிக்கையைக் கைவிட்டால் அது நாம் நமக்கே செய்யும் துரோகம். "உங்களிடம்தான் காற்றாடி இருக்கிறதே" என்று எந்தக் கந்தோரிலும் சொல்ல இடம் வைக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போனதே, அப்படியான நாளுக்கும் இணைப்பு வரும் வரைக்கும்தான் இந்த வேலை.

அப்படியானால் அந்த 240 வோட்-மணியில் கணினிக்கு ஏன் 90 ஒதுக்கினோம்? டி.வி. பார்க்கலாமே என்று பெரியவர்கள் கேட்டார்கள். செக்ரோலுக்காகத்தான்.

டிஜிட்டல் தராசு வந்துவிட்டது, சம்பளச் சீட்டு மெஷினில் அடித்து வருகிறது. கணக்கு முழுவதும் அவர்கள் கணினியில். நம் பக்கம் ஞாபகம் மட்டும். ஒரு தோட்டத்தில் ஒரு டிவிசன் அக்காமார் தினமும் நிறுத்த கிலோவையும், சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்ததையும், முழுப் பேரா அரைப் பேரா என்பதையும் கொப்பியில் எழுதினார்கள். மாதக் கடைசியில் நாங்கள் அதைக் கணினி அட்டவணையில் ஏற்றிச் சீட்டோடு ஒப்பிட்டோம். ஒரு தங்கச்சிக்கு இரண்டு நாள் பேர் விழுந்திருக்கவில்லை. தலைவர் அந்தத் தாளோடு போனார், அடுத்த சம்பளத்தில் அது சேர்ந்து வந்தது. வாய்ப்பேச்சோடு போன மாதங்களில் என்ன பதில் கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

சேமலாப நிதியும் அப்படித்தான். கணக்குக்காக 1000 ரூபா நாட்சம்பளம், 25 நாள் என்று வையுங்கள். தொழிலாளியிடம் 8 வீதம், 2000. நிர்வாகம் 12 வீதம், 3000. நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 750. மாதம் 5750 ரூபா யாருடைய பெயரில் போகிறது? பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் இலட்சுமி, செக்ரோலில் லட்சுமி. ஓய்வு பெற்று அந்தக் காசை எடுக்கப் போகும்போது மூன்று பேரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. அங்கத்தவர் பதிவேட்டில் மூன்று எழுத்தையும் மூன்று நிரலில் போடுங்கள். அடையாள அட்டையின் பழைய எண் ஒரு நிரல், 12 இலக்கப் புதிய எண் இன்னொரு நிரல். இன்றைக்கே தெரிந்தால் ஆள் வேலையில் இருக்கும்போதே திருத்தலாம்.

பதிவேட்டைப் பாமினியில் அடிக்காதீர்கள், யுனிகோடில் அடியுங்கள். பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. இன்னொரு மெஷினில் திறந்தால் குப்பையாகத் தெரியும், போனில் தேடவும் முடியாது. சங்கக் காரியாலயங்களில் பல வருடக் கடிதங்கள் இப்படி வாசிக்க முடியாமல் கிடக்கின்றன.

புதுக் கணினி வாங்கக் காசு சேர்க்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்ததால் கந்தோர்கள் பழைய மடிக்கணினிகளைத் தள்ளிவிடுகின்றன. அதில் லினக்ஸ் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினால் இந்த வேலைக்குத் தாராளம். மேசைக் கணினி வேண்டாம், அது கரண்டை மூன்று மடங்கு தின்னும். இன்வர்ட்டரும் வேண்டாம், 12 வோல்டிலிருந்து நேரே 19 வோல்டுக்கு ஏற்றும் வாகனச் சார்ஜர் போதும். பதிவேட்டை இரண்டு பென்டிரைவில் வைத்து, இரண்டு வேறு வீட்டில் வையுங்கள். வட்ஸ்அப் குழுவில் மட்டும் போடவே வேண்டாம். அடையாள அட்டை எண்ணும் சேமலாப இலக்கமும் ஊர் முழுக்கச் சுற்றினால் யாராவது அங்கத்தவர் பெயரில் கடன் எடுப்பான்.

ஜூன் மாதத்திலிருந்து மூன்று மாதம் காற்றை அளக்கப் போகிறோம். அளக்காமல் எந்தத் தோட்டத்திலும் கம்பம் நாட்ட மாட்டோம். விருப்பமுள்ள தோட்டக் கமிட்டிகள் பெயர் கொடுக்கலாம். கொப்பி எழுத ஒரு டிவிசனுக்கு இரண்டு அக்காமாராவது வேண்டும். பழைய சைக்கிள் ஸ்பீடோமீற்றர் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். காற்றுமானியை அதில்தான் செய்யப் போகிறோம், கிண்ணத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் பந்தை வெட்டினால் சரி.