மூட்டுக்குள் ஒரு வெள்ளைப் பூச்சு

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் படித்தது பி.காம்., வேலை பார்த்தது வங்கியில் கிளார்க்காக. டெபாசிட் வட்டி பற்றிப் பேசுவேன் என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இன்று பேசப்போவது, செராமிக் பொடியைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி.

போன வருடம் என் மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டை எலும்பு சிமென்ட் வைத்துப் பொருத்தலாம். அல்லது வெள்ளைப் பூச்சு பூசிய டைட்டானியத் தண்டைப் போட்டால் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இவருக்கு எலும்பு திடமாக இருப்பதால் இரண்டாவதே நல்லது என்று சொல்லி, சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். வவுச்சரைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். "பூச்சு உதிர்ந்துவிட்டால் என்ன டாக்டர் செய்வது?" என்று கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை மெட்டலர்ஜி படித்த என் அக்கா மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பூச்சின் பெயர் ஹைட்ராக்ஸிஅபடைட். நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிற கால்சியம் பாஸ்பேட்டின் உறவுதான். 1985-இல் ரொனால்ட் ஃபர்லாங் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இந்தப் பூச்சுள்ள இடுப்பு மூட்டை முதலில் பொருத்தினார். பூசுவது பிளாஸ்மாவால். ரத்த பிளாஸ்மா இல்லை! ஆர்கான் வாயுவை மின்பொறிக்குள் செலுத்தினால் அது 10,000 டிகிரியைத் தாண்டிய சுடராகச் சீறும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். அந்தச் சுடருக்குள் பொடியைத் தூவுவார்கள். ஒரு துகள் அதற்குள் இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி அளவுதான். அதற்குள் உருகி, பறந்து போய் உலோகத்தில் மோதி, தோசை மாவு போலப் பரந்து உறைந்துவிட வேண்டும்.

செராமிக் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. அவசரத்தில் போட்ட போண்டா வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்குமே, அதே கதைதான். பெரிய துகளுக்குத் தோல் மட்டும் உருகும். மிகச் சிறியதற்கு உள்ளும் புறமும் வெந்து, பொருளே வேறாகிவிடும். ஆனால் லேசான துகள் சுடரின் நடுவுக்கே போகாமல் ஓரத்தில் தப்பிவிடுவதும் உண்டு. அதனால் பொடியைச் சலித்து, அளவு பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆர்கானோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்த்தால் துகளுக்குள் சூடு இன்னும் வேகமாக ஏறுமாம்.

என்னை ஆச்சரியப்படுத்தியது வேறு. போண்டாவில் குறையாகத் தெரியும் அந்த வேகாத நடுப்பகுதிதான் இங்கே வேண்டியது! உருகிய தோல் உலோகத்தில் ஒட்டுகிறது; உருகாத நடுப்பகுதி பழைய படிக அமைப்போடு உடம்பில் நீடிக்கிறது. சூடு அதிகமானால் ஹைட்ராக்ஸிஅபடைட் தன் நீர்ப்பகுதியை இழந்து, வேறு கால்சியம் பாஸ்பேட்டுகளாகவும், சில சமயம் சுண்ணாம்பாகவும் பிரிந்துவிடும். உருகியது சட்டென்று குளிர்ந்தால் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் கண்ணாடி போல ஆகிவிடும். இவையெல்லாம் உடம்பின் திரவத்தில் சீக்கிரம் கரைபவை. குளிர்ந்த உலோகத்தை முதலில் தொடும் அடுக்குதான் அதிகம் கண்ணாடியாகிறது. அதாவது, பிடிமானம் தேவைப்படும் இடத்திலேயே பலவீனம். சூடு குறைந்தாலோ ஒட்டவே ஒட்டாது. எனவே பூசிய பிறகு எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சி, எவ்வளவு படிகம், எவ்வளவு பிரிந்துபோனது என்று பார்க்கிறார்கள். எங்கள் வங்கியில் மாலையில் கேஷ் டேலி பார்ப்பது மாதிரி.

விமான எஞ்சினில் பூசும் ஸிர்கோனியாவுக்கும் இதே சுடர்தான். அது உருக 2,700 டிகிரி வேண்டும். அங்கே கவலை வேறு. அதை விட்டுவிடுகிறேன்.

இவ்வளவும் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன். ஆறாவது மாத எக்ஸ்ரேயில், தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்புக் கோடு எதுவும் இல்லை என்று டாக்டர் காட்டினார். அதைக் கேட்டுவிட்டு இவள் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

இன்னொன்று. மூட்டு வந்த பெட்டியில் லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அது ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதுகளோடு இருக்கிறது.