திடீர் இருதய மரணமும் நமது கடமையும்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செத்த வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்றுண்டு. "கொடுத்து வைத்த மனிசன், பாயிலே கிடந்து உத்தரியாமல் போய்விட்டார்" என்பதே அது. பேரப்பிள்ளைகளைக் கண்டு, எண்பது தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தவருக்கு அவ்வார்த்தை பொருந்தலாம். ஆனால் மூன்று பிள்ளைகளை விட்டு நாற்பத்தைந்து வயதில் மறைந்த தகப்பனுக்கும் அதனையே சொல்கிறோம். "விதி முடிந்தது" என்று கூறிவிட்டு வீடு திரும்புகிறோம். விதி உண்டா இல்லையா என்று வாதிட நாம் இங்கு வரவில்லை. விதியின் தலையில் நாம் ஏற்றும் பழியில் எமது அறியாமைக்குரிய பங்கு எவ்வளவு என்பதைச் சிந்திக்கவே வந்தோம்.

இதனைப் பேச எமக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கரப்பந்தாட்டப் போட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முப்பது வயது மதிக்கத்தக்க ஆட்டக்காரர் ஒருவர் சடுதியாகச் சரிந்து வீழ்ந்தார். ஒருவர் வலிப்பென்று கருதித் திறப்புக் கோவையைக் கையில் திணித்தார். ஒருவர் சோடா உடைத்தார். விட்டு விட்டு மூச்சு இழுத்தபடியால், "மூச்சு இருக்கிறது, பயமில்லை" என்றார் வேறொருவர். பின்பு முச்சக்கர வண்டியில் இருத்திக் கொண்டு போனார்கள். வைத்தியசாலையை அடைந்தபோது உயிர் இல்லை. மிஷன் கல்லூரியிலே எலும்பு முறிவுக்கும் பாம்புக் கடிக்கும் முதலுதவி கற்றுப் பரிசும் பெற்றவர்கள் நாம். அன்று நின்று பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்தோமில்லை.

அன்று நிகழ்ந்தது என்ன? மாரடைப்பும் இருதயம் நின்றுபோதலும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் வரும் குழாய் அடைபடுவது ஒரு கோளாறு. பொறி தட்டும் ஒழுங்கு கெடுவது இன்னொரு கோளாறு. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் நாடி அடைபடுவது மாரடைப்பு. அந்நோயாளி பெரும்பாலும் நினைவோடிருப்பார்; நெஞ்சு நோகிறது என்பார். இருதயத்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 தடவை துடிக்கச் செய்யும் மின்னோட்டம் குழம்பி, தசை ஒழுங்கின்றி நடுங்குவதே திடீர் இருதய நிறுத்தத்தில் பெரும்பாலும் நிகழ்வது. நடுங்கும் இருதயம் இரத்தத்தைச் செலுத்தாது. சில வினாடிகளில் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். முதலாவது கோளாறு இரண்டாவதை உண்டாக்கலாம்; ஆயினும் இரண்டும் வேறு.

முப்பத்தைந்து வயதைக் கடந்தோரில் இதற்குத் தலையாய காரணம் இருதய நாடிகளிற் கொழுப்புப் படிதலேயாகும். புகைத்தல், உயர் இரத்த அழுத்தம், சலரோகம், கொலஸ்ட்ரோல், உடற்பருமன் ஆகியவை அதற்கு வழி திறக்கின்றன. முன்னர் மாரடைப்பு வந்து இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். வாலிபரிலோ காரணங்கள் வேறு. பிறப்போடு வந்த தசைத் தடிப்பு, நாடிகள் பிறழ்ந்து அமைந்திருத்தல், மின்னோட்டத்தில் பரம்பரைக் குறை, கிருமிக் காய்ச்சலால் இருதயத் தசை அழற்சியடைதல் என்பன அவற்றுட் சில.

உதைபந்தாட்ட உலகிலே நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை நோக்குவோம். 2003 ஜூன் 26ஆந் திகதி பிரான்சு நாட்டு லியோன் நகரில் கமரூன் அணியும் கொலம்பியா அணியும் மோதின. கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் 72ஆம் நிமிடத்தில் தனியே வீழ்ந்தார், பிழைக்கவில்லை. வயது 28. மேற்கூறிய தசைத் தடிப்பு நோய் அவருக்கு இருந்ததென்பது பிரேத பரிசோதனையிலேயே தெரியவந்தது. 2021 ஜூன் 12ஆந் திகதி கோபன்ஹேகன் நகரில் பின்லாந்துக்கு எதிராக ஆடிய டென்மார்க் வீரர் கிறிஸ்தியன் எரிக்சன் அவ்வாறே வீழ்ந்தார். வயது 29. முன்னைய பரிசோதனைகளில் அவரிடம் குறை காணப்படவில்லை. ஆனால் தோழர்கள் உடனே உதவியை அழைத்தார்கள். மைதானத்திலேயே நெஞ்சு அமுக்கப்பட்டது, மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. நினைவு திரும்பிற்று. நெஞ்சினுள்ளே ஒரு சிறு காவற் கருவி பொருத்தப்பட்டு, 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலும் அவர் ஆடினார்.

இவ்விரண்டிலும் நாம் கற்பது என்ன? முன்னரே தேடினால் சில நோய்களைக் கண்டுபிடிக்கலாம். தேடியும் அகப்படாத நோய்க்கு அருகில் நிற்பவனின் கைகளே முதல் மருந்து.

அந்த மருந்தைக் கண்டுபிடித்த வரலாறு மாணவர்களாகிய எமக்கு ஊக்கந் தருவது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியற் பேராசிரியர் கூவன்ஹோவன் நாய்களில் மின்னதிர்ச்சிச் சோதனை நடத்திவந்தார். அவருடைய மாணவர் நிக்கர்பொக்கர், கருவியின் தகடுகளை நெஞ்சிலே அழுத்தும்போது இரத்த அழுத்தம் சிறிது உயர்வதை 1958இல் கவனித்தார். வைத்தியர் ஜூட் அவர்களும் சேர்ந்துகொள்ள, 1960இல் மூவரும் தம் முறையை உலகுக்கு வெளியிட்டனர். அதில் விபரித்த 20 நோயாளருள் 14 பேர் பிழைத்திருந்தனர். நெஞ்சைப் பிளக்க வேண்டாம். இரு கைகள் போதும் என்பது அன்று புலனாயிற்று.

அம்முறை இதுதான். வீழ்ந்தவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். விடையில்லை, சாதாரண மூச்சும் இல்லை என்றால் இருதயம் நின்றதென்றே கொள்ளுங்கள். விட்டு விட்டு இழுக்கும் மூச்சு மூச்சன்று. அதை அறியாததே அன்று நாம் விட்ட பெரும் பிழை. எமது நாட்டில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் பணமின்றி வரும். ஒருவர் அதை அழைக்கட்டும். மற்றவர், வீழ்ந்தவரைத் தரையில் நிமிர்த்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவே ஒரு கைமேல் மறுகை வைத்து, முழங்கை மடியாமல் அழுத்த வேண்டும். வளர்ந்தவருக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம், 6ஐ மிஞ்சக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு மேலெழ விட வேண்டும். களைத்தால் அடுத்தவர் தொடரலாம். மின்னதிர்ச்சிக் கருவி கிட்டினால் உடனே பொருத்துங்கள். செய்யவேண்டியதை அக்கருவியே சொல்லும். ஒன்றும் செய்யாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துபோகிறது. தண்ணீர் பருக்குவதும் சோடா உடைப்பதும் அந்த நிமிடங்களை வீணாக்குவனவே.

இனி, வருமுன் காத்தல். பெரியோர்களே, குறை நினையாது கேளுங்கள். சுருட்டும் சிகரெட்டும் இருதய நாடிகளைக் கெடுப்பன. இன்று விட்டாலும் நன்மை உண்டு. உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் நன்று. எமது கருவாடும் ஊறுகாயும் அக்கணக்கில் அடங்குவனவே. கிழமைக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். அழுத்தத்துக்கும் சலரோகத்துக்கும் தந்த குளிசைகளை, "இப்போது சுகம்" என்று தாமாகவே நிறுத்தக்கூடாது. நெஞ்சு இறுகி, இடது கைக்கோ தாடைக்கோ நோப் பரவி, வியர்த்தால், "வாய்வு" என்று இஞ்சித் தண்ணீர் குடித்து விடியும் வரை காத்திராதீர்கள்.

வாலிபர்களே, ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி வீழ்தல், நெஞ்சு நோதல், காரணமின்றிப் படபடத்தல் ஆகியவற்றை ஒளிக்காதீர்கள். அணியிலிருந்து நீக்கிவிடுவார்களே என்று ஒளிப்பவன் உயிரையே பணயம் வைக்கிறான். குடும்பத்தில் எவரேனும் இளவயதிற் சடுதியாக இறந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுப்பியுங்கள். காய்ச்சலோடு மைதானத்தில் இறங்காதீர்கள்.

முடிவாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் விளையாட்டு விழாவுக்குக் கிண்ணங்கள் வாங்குகிறோம். அடுத்த விழாவுக்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்து, அங்கத்தவர் ஒவ்வொருவரும் நெஞ்சை அமுக்கும் முறையைக் கையாற் செய்து பழக வேண்டும். பெரியோரும் வந்து பழகலாம். பேரன் வீழ்ந்தால் வீட்டில் நிற்பவர் பாட்டனாராகவும் இருக்கக்கூடும். நெஞ்சை அமுக்கிய எல்லோரும் பிழைப்பர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எமது ஊரில் இனியொருவர் வீழ்ந்தால், சுற்றி நிற்பவர்கள் எம்மைப்போல வெறுமனே நிற்கக் கூடாது. செய்ய வேண்டியதைச் செய்த பின்பும் உயிர் போனால், அப்போது விதி என்று சொல்வோம்.