கண்ணை உறுத்தும் முகப்படங்கள்

முகப்படத்தில் முகம் தெளிவாக விழ வேண்டும், பார்க்க இலட்சணமாக இருக்க வேண்டும் என்பது ஸ்டூடியோக்கள் ஊட்டிய பழக்கம். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயத்து வீடுகளில் மாட்டியிருக்கும் கல்யாணப் படங்களில் அதைப் பார்க்கலாம்: வாரிய தலை, நிமிர்ந்த கழுத்து, பின்னால் வரைந்த திரை. இந்த ஒழுங்கை வேண்டுமென்றே கலைத்த ஒருவர் மலைநாட்டு மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார்.

அவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில் மகள் பரிசாகத் தந்த கமராவே தொடக்கம். ஈரம் காயாத கண்ணாடித் தகட்டில் நிமிடக்கணக்கில் ஒளி பட வேண்டிய காலம் அது. அத்தனை நேரம் எவராலும் சிரித்தபடி இருக்க முடியாது. ஒப்பனையான முகபாவம் வடிந்து, அடியில் உள்ள களைப்பும் கவலையும் மேலே வரும். மூச்சு விட்டால்கூட விளிம்பு கலங்கும். கேமரன் அந்தக் கலங்கலைத் திருத்தவில்லை. தம் கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்திலேயே வில்லையை நிறுத்திக்கொண்டார். இலண்டன் விமர்சகர்கள் அதைக் கைத்திறக் குறை என்றார்கள். 1867இல் அவர் எடுத்த வானியலாளர் ஜான் ஹேர்ஷலின் படம் அதற்குப் பதில். சிலும்பிய வெள்ளை முடியோடு, இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழமுகம் மிக நெருக்கத்தில் வருகிறது. கண்ணுக்குக் கீழ்த் தளர்ந்த தோல் எதுவும் மறைக்கப்படவில்லை. பார்ப்பவருக்குப் பின்வாங்கத் தோன்றும். அதுவே படத்தின் பலம்.

1875இல் அவர் கணவரோடு இலங்கையில் குடியேறினார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இலைநோயால் கோப்பி சரிந்துகொண்டிருந்த காலம். கேமரனின் இலங்கைப் படங்களில் இருப்போர் பெரும்பாலும் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும். அவர்களில் தமிழர் பலர் இருக்கக்கூடும். 1878இல் எடுத்த களுத்துறைப் படத்தில் ஒரு கிழவரும் ஒரு சிறுமியும் உண்டு. சிறுமிக்கு 12 வயது, கிழவர் தம்மை அவளுடைய தகப்பன் என்றும் நூறு வயதுக்காரர் என்றும் சொல்கிறார் எனக் கேமரன் குறித்திருக்கிறார். வயதை எழுதியவர் பெயரை எழுதவில்லை. ஹேர்ஷலுக்கும் கவிஞர் டெனிசனுக்கும் படத்தோடு பெயர் உண்டு. இவர்களுக்கு ஊர் மட்டும்தான். இந்த உறுத்தல் ஹேர்ஷலின் முகம் தரும் உறுத்தலைவிட ஆழமானது, நியாயமானதும்கூட. படத்தின் கலையை மதிப்பவர் இந்தக் குறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எனினும் அந்த முகங்கள் வெறும் மாதிரிகளாகச் சுருங்கவில்லை. எதிரே நிற்பவரை எடைபோடும் கனம் அவற்றில் இருக்கிறது.

கேமரன் 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார். கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில். பின்னர் 1930களில் கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் ஸ்டூடியோ ஒழுங்கைக் கலைக்க வேறு வழியில் போனார்: படம் கழுவும்போதே வெளிச்சம் பாய்ச்சி, உருவங்களின் ஓரத்தில் கருங்கோடு விழச் செய்தார். அவர் 1944இல் இறந்தார். அவருடைய இலங்கைப் படங்களின் தொகுப்பு 1950இல் வெளிவந்தது.