தோளும் முழங்கையும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் குச்சவெளியில் நடைபெற்ற மகளிர் மருத்துவ முகாமில், சங்க உறுப்பினர்களான வைத்தியர் ஒருவரும் இயன்மருத்துவர் ஒருவரும் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

திருகோணமலையிலிருந்து இங்கு வர 30 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி வரும்போது கரைவலை இழுப்பதைக் கண்டோம். வாகனத்தை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தோம். கூட வந்த தோழிகள் மீனைப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தோள்களைப் பார்த்தோம். எங்கள் தொழில் அப்படி.

இன்று நாங்கள் பேசப்போவது தோள்மூட்டையும் முழங்கையையும் பற்றித்தான். முழங்கால் வலி என்றால் எல்லோரும் கேட்பார்கள், ஊரே எண்ணெய் சொல்லும். தோள் நோகுது என்றால் "வேலை செய்தால் நோகத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவோம். ஆனால் தலைமயிர் வார ஏலாமல், சட்டையின் பின் கொக்கி போட ஏலாமல், தொழுகையில் கையை உயர்த்த ஏலாமல் இருக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று இந்தக் கூட்டத்திலேயே கேட்டால் தெரியும். இப்போதே சிலர் சிரிக்கிறீர்கள்.

முதலில் தோள் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். இடுப்பு மூட்டு சிரட்டைக்குள் உருண்டையை வைத்தது போல. லேசில் கழலாது. தோள் அப்படியல்ல. விளையாட்டுப் போட்டியில் கரண்டியில் தேசிக்காய் வைத்துக்கொண்டு ஓடினோமே, அதுதான் தோள். கரண்டி சிறியது, தேசிக்காய் பெரியது. எந்தப் பக்கமும் கையைச் சுழற்றலாம் என்ற வசதிக்காக உடம்பு கொடுத்த விலை அது. தேசிக்காய் விழாமல் பிடித்திருப்பவை சுற்றியுள்ள நான்கு தசைநார்களும், கரண்டியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒரு வளையமும்.

தோள் கழன்றால் திரும்பப் போடும் முறை மிகப் பழையது. சுஸ்ருத சங்கிதையில், கக்கத்தில் உலக்கையைக் கொடுத்துத் தூக்கி மூட்டை இடத்தில் இருத்திக் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. மேற்கே ஹிப்போகிரட்டீஸ் உலக்கைக்குப் பதில் குதிக்காலைக் கொடுத்தார். ஆனால் திரும்பப் போட்ட தோள் சிலருக்கு ஏன் மறுபடி மறுபடி கழல்கிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் தந்தவர் லண்டனில் இருந்த பாங்கார்ட். கரண்டி விளிம்பிலுள்ள அந்த வளையம் கிழிந்து விலகியிருப்பதே காரணம் என்று அவர் எழுதியது 1923இல். எங்கள் கல்லூரி தொடங்கிய ஆண்டும் அதுதான் என்பதால் எங்களுக்கு அந்த ஆண்டு மறக்காது. இளம் வயதில், அதுவும் இருபதுக்குள், முதன்முறை கழன்ற தோள் பெரும்பாலும் திரும்பக் கழலும். கிரிக்கெட்டில் விழுந்த மகனுக்குத் தோளைப் போட்டுவிட்டார்கள், சரியாகிவிட்டது என்று விடாமல் ஒருமுறை என்பு வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.

இனி முழங்கைக்கு வருகிறோம். இதில் ஒரு கதை சொல்ல வேண்டும். அது எங்களுடையது என்பதால் கொஞ்சம் நேரம் எடுப்போம்.

எங்களில் ஒருத்தி ஏழு வயதில் வீட்டு வளவில் நின்ற கொய்யா மரத்திலிருந்து விழுந்தாள். கையை ஊன்றி விழுந்ததில் வலது முழங்கைக்குச் சற்று மேலே புய என்பு முறிந்தது. குழந்தைகளுக்கு முழங்கையில் வரும் முறிவுகளில் இதுதான் அதிகம். ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் கூடுதலாக வரும். அது போர்க்காலம். பொழுது பட்டுவிட்டால் பாதையில் இறங்க ஏலாது. பக்கத்து ஊர்ப் பரியாரியாரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர், காசும் வாங்கவில்லை. பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்து, அசையக்கூடாது என்று இறுக்கிக் கட்டினார். ஆறு மணி இருக்கும்.

எட்டு மணிக்குப் பிள்ளை அழத் தொடங்கினாள். முறிந்தால் நோகும்தானே என்றார்கள். பத்து மணிக்கு விரல்கள் வீங்கின. கட்டை அவிழ்த்தால் என்பு விலகிவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் பிழை சொல்ல ஏலாது, அவர்களுக்குச் சொல்லித் தர ஒருவரும் இருக்கவில்லை. விடியப்புறம் அழுகை நின்றது. வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் நிம்மதிப்பட்டார்கள். உண்மையில் விறைத்துப்போய்விட்டது. முன்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்த அயல் வீட்டு அம்மா ஒருவர் வந்து, விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் கத்தரிக்கோலால் கட்டை மேலிருந்து கீழ்வரை வெட்டினார். அவர் வெட்டியிருக்காவிட்டால் அந்தக் கை இன்று இல்லை.

கை மிஞ்சியது. ஆனால் முன்கைத் தசைகளில் ஒரு பகுதி இறந்து சுருங்கிவிட்டது. மணிக்கட்டை மடித்தால் விரல்கள் நீளும். மணிக்கட்டை நிமிர்த்தினால் நடுவிரலும் மோதிர விரலும் தாமாக உள்ளே சுருளும். இறுக்கக் கட்டிய கையில் இரத்தம் ஓடாமல் போவதால் இப்படி வருகிறது என்று ஜெர்மனியில் ஃபொல்க்மன் என்ற வைத்தியர் 1881இலேயே எழுதிவிட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது எங்கள் வளவுக்கு வந்து சேரவில்லை. பிறகு கல்லூரி விடுதிக்கு வந்து இடக்கையால் எழுதப் பழகினாள். ரீச்சர்மார் ஒருவரும் அதற்காக ஏசவில்லை. அவள் பின்னாளில் இயன்மருத்துவம் படித்ததற்கு அந்தக் கைதான் காரணம். இப்போது உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்திருப்பது இடக்கை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நாங்கள் பரம்பரை வைத்தியத்தைக் குறை சொல்ல வரவில்லை. வரும் வழியில் கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். பிளாஸ்டரை இறுக்கிப் போட்டாலும் இதே கேடுதான் வரும். யார் கட்டினார்கள் என்பதைப் பார்க்காதீர்கள், கட்டுக்குக் கீழே விரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையின் நகத்தை அமுக்கிவிட்டால் உடனே சிவப்பு திரும்ப வேண்டும். விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தும்போது பிள்ளை துடித்தால், மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனால், விரல் குளிர்ந்தால் அல்லது விறைத்தால், கட்டை முழு நீளத்துக்கும், உள்ளே இருக்கும் பஞ்சு வரை, தோல் தெரியும்வரை வெட்டி விலக்குங்கள். பிளாஸ்டராக இருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு. காலையில் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். தசை இரத்தமில்லாமல் சுமார் ஆறு மணித்தியாலம்தான் தாங்கும். என்பு விலகினால் திரும்ப வைக்கலாம், செத்த தசையைத் திரும்ப வைக்க ஏலாது. இப்போது 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அன்று எங்களுக்கு அது இருக்கவில்லை.

இன்னொன்று, அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு உருவாதீர்கள். வீக்கத்தோடு இருக்கும் முழங்கையைப் பிடித்து இழுத்து மடக்கி நிமிர்த்தினால், அங்குள்ள தசைக்குள்ளேயே என்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடக்கூடும். குழந்தைகள் தாமாகவே விளையாடி விளையாடி முழங்கையை நீட்டிக்கொள்வார்கள். பொறுமைதான் வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. பஸ்ஸில் ஏறும் அவசரத்தில் இரண்டு மூன்று வயதுப் பிள்ளையை ஒரு கையில் பிடித்து மேலே இழுப்போம். பிள்ளை வீரிட்டு அழும், அதன்பிறகு அந்தக் கையைத் தூக்காது. முன்கையின் சிறிய என்பு தன் வளையத்திலிருந்து சற்று நழுவியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவர் முன்கையை ஒரு திருப்புத் திருப்பினால் "டக்" என்று உட்காரும், ஐந்து நிமிடத்தில் பிள்ளை பிஸ்கட்டை வாங்கும். ஆனால் விழுந்த பிள்ளைக்கு இதைச் செய்யக் கூடாது. அங்கே முறிவு இருக்கலாம், எக்ஸ்றே எடுக்க வேண்டும். பிள்ளையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினால் இந்தக் கஷ்டமே இல்லை.

பெரியவர்களின் முழங்கை வலிக்கு ஆங்கிலத்தில் ரெனிஸ் விளையாட்டின் பெயரை வைத்துவிட்டார்கள். குச்சவெளியில் யார் ரெனிஸ் விளையாடுகிறார்கள்? இங்கே இடியப்ப உரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. விடியப்புறம் எழும்பிக் கடைக்கு நூறு இருநூறு இடியப்பம் பிழிந்து கொடுக்கும் சகோதரிகளுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் நோகும், தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவே நோகும். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநார் என்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோவதுதான் காரணம். இதற்கு ஊசி போட்டால் உடனே சுகம் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை அவுஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில், 198 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியானது. ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ஆனால் சுகம் கண்ட 65 பேரில் 47 பேருக்கு வலி திரும்பி வந்தது. ஒரு வருடத்தில் பயிற்சி செய்தவர்களும், ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களும் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆகவே ஊசி, ஊசி என்று ஓடாதீர்கள். உரலின் மாவைக் கொஞ்சம் இளக்கமாகக் குழையுங்கள், உரலைத் தாழ்வான பலகையில் வைத்து உடம்புப் பாரத்தால் அமத்துங்கள், வலிக்கும் கைக்கு நாங்கள் காட்டும் பயிற்சியைச் செய்யுங்கள்.

ஒரு வருடம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்ப்பது இன்று சாதாரணம். அதை முதலில் வற்புறுத்தியவர் பொஸ்டனில் இருந்த கொட்மன் என்ற தோள் வைத்தியர். ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து, பிழைத்த வைத்தியத்தையும் வெளியே சொல்ல வேண்டும் என்றார். சக வைத்தியர்களுக்கு அது பிடிக்கவில்லை, அவரை ஒதுக்கினார்கள். 1934இல் அவர் எழுதிய தோள் பற்றிய நூலில்தான் தோள் உறைதல் என்ற பெயர் வருகிறது. காரணம் சொல்லாமல் தோள் மெல்ல மெல்ல இறுகும், இரவில் அந்தப் பக்கம் படுக்க ஏலாது. நாற்பது வயதுக்கும் அறுபதுக்கும் இடையில், பெண்களுக்கே அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு. தோள் இறுகி எங்களிடம் வருபவர்களுக்கு நாங்கள் முதலில் சீனி சோதிக்கச் சொல்வது அதனால்தான். தோளுக்கு வந்து நீரிழிவு தெரியவந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு என்ன வைத்தியம்? பிரித்தானியாவில் 503 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். ஊசியுடன் பயிற்சி, மயக்கி வைத்துத் தோளை அசைத்துவிடுவது, துளை வழியாகச் சத்திரசிகிச்சை. ஒரு வருடத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முழங்கைக்கு ஊசி வேண்டாம் என்றோம், தோள் உறைவுக்கு ஆரம்பத்தில் ஊசி உதவும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பயிற்சி என்றால் பெரிய வித்தை இல்லை. மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு ஆட்டுவது. கொட்மன் சொன்னதுதான்.

வயதானவர்கள் வழுக்கி விழுந்து தோளடியில் என்பு முறிந்தால் பிள்ளைகள் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தகடு வைக்க அவசரப்படுவார்கள். கொழும்பில் அல்லது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. 250 பேரில் செய்து 2015இல் வெளியான ஆய்வில் சராசரி வயது 66, முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களும், கையைத் தொட்டிலில் தொங்கவிட்டுப் பயிற்சி செய்தவர்களும் இரண்டு வருடத்தில் ஒரே அளவில்தான் இருந்தார்கள். தோளின் மேல் என்பைச் சுரண்டும் துளைச் சத்திரசிகிச்சையையும் 313 பேரில் சோதித்தார்கள். உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடியவர்களுக்கும் சுரண்டியவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்காகச் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று நாங்கள் சொன்னதாக வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். விலகிய முழங்கை முறிவுள்ள பிள்ளைக்கு, மூட்டும் கழன்று என்பும் முறிந்தவருக்கு, அது வேண்டும். "செய்யாமல் விட்டால் என்ன ஆகும் டொக்டர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிறோம். எங்களிடமும் கேளுங்கள்.

கரைவலை இழுக்கும் ஐயாமாருக்கு ஒரு வார்த்தை. கையைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது மட்டும் நோகிறதென்றால் தசைநார் தேய்கிறது. ஒருநாள் இழுப்பில் "படார்" என்று கேட்டு, அதன்பின் கை தானாக உயரவே இல்லையென்றால் அது அறுந்திருக்கலாம். மூன்று மாதம் எண்ணெய் பூசிப் பார்க்காமல் அந்தக் கிழமையே வாருங்கள்.

பகல் மூன்று மணிவரை நாங்கள் பாடசாலை விறாந்தையில் இருப்போம். தோளுக்கு வருபவர்கள் இடப்பக்கம், முழங்கைக்கு வருபவர்கள் வலப்பக்கம். கிளினிக் கொப்பி இருந்தால் எடுத்து வாருங்கள். இடியப்ப உரலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம், நாலு பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பார்க்கிறோம்.