ஹரியற் வின்சிலோ அம்மையார்

தமிழுக்கு அகராதி தந்த பெரியோரை எண்ணும்போது வின்சிலோ என்னும் பெயர் தவறாது நினைவுக்கு வரும். 1862ஆம் ஆண்டிலே சென்னையில் வெளிவந்த அவருடைய தமிழ் ஆங்கிலப் பேரகராதி 67,000 சொற்களுக்கு மேற்பட்டவற்றைத் தன்னகத்தே கொண்டது. தமிழ் கற்போர் மேசைகளில் அந்நூல் இன்றும் இடம்பெறுகின்றது. ஆனால் அந்த அகராதி அச்சேறுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, யாழ்ப்பாணத்து உடுவில் கிராமத்தில், அதே வின்சிலோ பாதிரியாரின் இல்லத்தில், மற்றொரு பணி தொடங்கிவிட்டது. அதனைத் தொடங்கியவர் அவருடைய மனைவியார் ஹரியற் அம்மையார். அமெரிக்க மிசன் சங்கத்தின் பதிவேடுகளில் பாதிரிமாரின் மனைவியர் 'துணை மிசனரிமார்' என்றே குறிக்கப்பட்டனர். அந்தத் 'துணை' என்னும் சொல்லுக்குள் அடங்கிக் கிடந்த உழைப்பு எத்தகையது என்பதை இவ்வம்மையாரின் வரலாறு காட்டுகின்றது.

ஹரியற் 1796ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி அமெரிக்காவிலே கனெற்றிக்கட் மாநிலத்து நோர்விச் நகரில், லாத்ரொப் என்னும் குடும்பத்தில் பிறந்தார். வசதியும் பக்தியும் ஒருங்கே வாய்ந்த குடும்பம் அது. இளமையிலேயே தம்முடைய ஊரின் ஏழைப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூட்டிப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் பணியிலே அவர் ஈடுபட்டார். அக்காலத்தில், அமெரிக்காவிலிருந்து கீழைநாடுகளுக்குப் புறப்பட்ட முதற் குழுவிலே சேர்ந்து வந்து, 1812ஆம் ஆண்டு மொரீசியஸ் தீவில் பத்தொன்பதாவது வயதிலே உயிர்நீத்த ஹரியற் நியூவெல் என்னும் இளம் மனைவியின் வரலாறு வீடுதோறும் படிக்கப்பட்டது. அதைப் படித்த தாய்மார் நடுங்கினர். மகளிர் பலரோ, தாமும் அவ்வழியே செல்லல் ஆகாதா என எண்ணினர். அவ்வாறு எண்ணிய தலைமுறையைச் சேர்ந்தவர் ஹரியற் லாத்ரொப்.

1819ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மிரோன் வின்சிலோ பாதிரியாரை மணந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் 8ஆந் திகதி, பொஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்னும் பாய்மரக் கப்பல் புறப்பட்டது. அதிலே வின்சிலோ தம்பதியருடன் ஸ்போல்டிங், வூட்வேட் ஆகிய பாதிரிமாரும், வைத்தியர் ஜோன் ஸ்கடரும், அவரவர் மனைவியரும் பயணஞ் செய்தனர். கல்கத்தா வழியாக இலங்கை வந்து, 1820ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒன்றுசேர்ந்தனர். ஹரியற் அம்மையாருக்கு அப்போது வயது இருபத்துமூன்று. தாயையும் தந்தையையும் இனி ஒருபோதும் காணப்போவதில்லை என்பதை அறிந்தே அவர் கப்பலேறினார்; அவ்வாறே காணாமலே மறைந்தார்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டிலே தெல்லிப்பழையையும் வட்டுக்கோட்டையையும் நிலையங்களாகக் கொண்டு பணியைத் தொடங்கியிருந்தனர். பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்னும் இடங்களும் சேர்ந்து ஐந்து நிலையங்களாயின. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஆண்டு, பிற்காலத்தில் பாழடைந்து கிடந்த பழைய கோயில்களையும் மனைகளையும் திருத்தியே அவர்கள் குடியேறினர். 1820ஆம் ஆண்டில் வின்சிலோ தம்பதியருக்குக் கிடைத்த உடுவில் மனையும் அத்தகையதே. பனையும் தென்னையும் சூழ்ந்த அந்த மனையைச் செப்பனிட்டுக்கொண்டு, அம்மையார் தமிழ் பயிலத் தொடங்கினார்.

அவர்கள் வந்த காலம் நற்காலம் என்று சொல்வதற்கில்லை. அச்சுத்தொழில் அறிந்த ஒருவர் 1820ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து வந்தபோது, பார்ன்ஸ் தேசாதிபதியின் ஆட்சி அவரை இந்நாட்டில் தங்க அனுமதிக்கவில்லை. அதன் பின்னர், 1833ஆம் ஆண்டு வரையில், புதிதாக எந்த அமெரிக்க மிசனரியும் இங்கு வந்து சேர இடமளிக்கப்படவில்லை. இருந்தவர்களோ நோயினாலும் மரணத்தினாலும் குறைந்து வந்தனர். தெல்லிப்பழையிலே பணியாற்றிய பூர் பாதிரியாரின் மனைவியார் சூசன் அம்மையார் 1821ஆம் ஆண்டில் காலமானார். உதவிக்கு ஒரு கையும் வாராதென்று தெரிந்த நிலையிலேதான் ஹரியற் அம்மையாரின் உழைப்பு முழுவதும் நடைபெற்றது.

அக்கால யாழ்ப்பாணத்தில் ஆண் பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஏடும் எழுத்தாணியும் பிடித்து, நிகண்டும் நீதிநூலும் மனனஞ் செய்வது அவர்களுக்கு இயல்பு. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. கோயிற் பணிக்குரிய மகளிரைத் தவிர மற்றப் பெண்கள் எழுத்தறிவது மதிப்புக்குரியதாகக் கருதப்படவில்லை என்று அக்காலத்து மிசனரிமார் எழுதியுள்ளனர். ஒளவையாரும் காரைக்காலம்மையாரும் பிறந்த மொழிக்குரிய மக்கள், 'அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு' என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தனர்.

இந்நிலையில் பெண்களுக்கென ஒரு பள்ளிக்கூடம் தொடங்குவதே அரிது. பிள்ளைகள் அங்கேயே உண்டு உறங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளி தொடங்குவதோ, அதனினும் அரிது. ஏனெனில் அந்நியர் மனையில் உண்ணுதல் சாதியாசாரத்துக்கு மாறானது. உண்டவளை வீட்டார் மீண்டும் ஏற்பரோ, நாளை மணஞ்செய்து கொடுக்க முடியுமோ என்னும் அச்சம் எந்தப் பெற்றோருக்கும் எழத்தானே செய்யும்?

இந்த அச்சம் எவ்வாறு முதன்முதலில் தளர்ந்தது என்பதைப் பற்றி யாழ்ப்பாணத்திலே வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகின்றது. உடுவில் மனைக்குப் பாடங் கற்க வந்த இரண்டு சிறுமியர், ஒரு நாள் பெருமழையினால் வீடு திரும்ப முடியாமல் அம்மையாரிடமே தங்கிவிட்டனராம். பசி பொறுக்காத சிறுமி, இட்ட உணவை உண்டாளாம். மறுநாள் வந்த தந்தை செய்தியறிந்து கலங்கி, பின்னர், 'நடந்தது நடந்துவிட்டது. இனி அவளை நீங்களே வைத்துப் படிப்பியுங்கள்' என்று விட்டுச் சென்றாராம். கதையிலே ஏற்றிச் சொல்லப்பட்டவை சில இருக்கலாம். ஆயினும் சோற்றுக் கவளம் ஒன்றிலே ஒரு பெண்ணின் எதிர்காலம் முழுவதும் தங்கியிருந்தது என்னும் உண்மையை அது மறவாமல் வைத்திருக்கின்றது.

நிலையங்கள் தோறும் சிற்சில பெண் பிள்ளைகளாகத் தங்கிப் படித்தவர்களை 1824ஆம் ஆண்டில் உடுவிலிலே ஒன்றுசேர்த்து, பெண்களுக்கான நடு விடுதிப் பாடசாலை நிறுவப்பட்டது. ஆண்களுக்கென வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு அது. ஆசியாவிலே பெண்களுக்கென ஏற்பட்ட முதல் விடுதிப் பாடசாலை என அது பெயர்பெற்றது. அதன் முதற் தலைவி ஹரியற் அம்மையார்.

அங்கே பாடங்கள் தமிழிலேயே நடந்தன. வாசிப்பு, எழுத்து, கணிதம், பூமிசாத்திரம், வேதாகமம், தையல் என்பன கற்பிக்கப்பட்டன. பாடத்தோடு அம்மையாரின் பணி முடிந்துவிடவில்லை. பிள்ளைகளின் உணவு, உடை, நோய், உறக்கம் அனைத்தும் அவருடைய கவலையாயின. அத்தோடு தம்முடைய வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கவேண்டும். அயலூர்ப் பெண்களைச் சந்திக்கவேண்டும். தாயகத்திலுள்ளோருக்குக் கடிதம் எழுதவேண்டும். அக்கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்தே, அவருடைய மறைவின் பின் கணவர் 1835ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் அவரது வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

பாடசாலையின் நடைமுறைகள் சிலவற்றை இன்றைய கண்கொண்டு நோக்கும்போது மனம் முழுவதும் ஒப்புவதில்லை. அமெரிக்காவிலிருந்து பணமுதவிய அன்பர்கள் விரும்பிய பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. வள்ளியாகவோ சின்னாச்சியாகவோ வந்தவள், கடலுக்கப்பாலுள்ள யாரோ ஒரு சீமாட்டியின் பெயரோடு வெளியேறினாள். கல்வியும் மதமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றை விட்டு ஒன்றைப் பெறுதல் அந்தப் பிள்ளைகளுக்கு எளிதன்று. படிப்பை இடையில் நிறுத்துவதில்லையெனப் பெற்றோரிடம் உடன்படிக்கையும் பெறப்பட்டது. ஆயினும் மிசனரிமார் இந்நாட்டு வழக்கத்துக்கும் ஓரிடத்தில் தலைவணங்கினர். படிப்பை முடித்து மணஞ்செய்த பெண்ணுக்கு மிசன் ஒரு சிறு சீதனம் அளித்தது. சீதனம் இன்றிப் பெண் கரையேறாள் என்பதை அமெரிக்கரும் அறிந்துகொண்டனர்!

காலப்போக்கில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. வட்டுக்கோட்டையிலே உயர்கல்வி பெற்ற இளைஞர், எழுத்தறிந்த மனைவியரை நாடினர். உடுவிலிலே படித்த பெண்களுக்கு நல்ல இடங்களில் மணம் அமைந்தது. படிப்பு மணத்துக்குத் தடை என்று அஞ்சிய பெற்றோர், படிப்பும் ஒரு சீதனமே என்று கண்டனர். பள்ளிக்கூடத்தின் வாயிலிலே பெற்றோர் தாமாகவே வந்து இடங்கேட்கும் காலம் பிறந்தது.

அம்மையாரின் வரலாற்றில் நெஞ்சை உருக்கும் பகுதி ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துத் தாய்மாரை நோக்கி, 'உங்கள் பெண்ணை என்னிடம் விடுங்கள். சில ஆண்டுகள் பிரிந்திருங்கள்' என்று கேட்டவர் அவர். அதே வேண்டுகோள் அவருடைய வீட்டு வாசலுக்கும் வந்தது. மிசனரிமாரின் பிள்ளைகளைக் கல்வியின் பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் உருவாகியிருந்தது. அம்மையாரும் தம் மூத்த மகன் சார்ள்ஸைக் கப்பலேற்றி அனுப்பினார். உடுவிலுக்கு மகளை அனுப்பிய தாய், நினைத்தால் ஓர் மாலைப்பொழுதிலே நடந்து வந்து பார்த்துவிடலாம். உடுவிலிலிருந்து மகனை அனுப்பிய தாய்க்கு இடையிலே இரு பெருங்கடல்கள். அச்சிறுவன் அமெரிக்கா சேர்ந்தான். ஆனால் 1832ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, நியூயோர்க் நகரில், பதினொரு வயதிலே இறந்துபோனான். கப்பலேறிய நாளின் பின் அத்தாய் அவனைக் காணவேயில்லை. பிரிவு என்பது என்னவென்று அறியாமல் பிறரிடம் பிரிவை வேண்டியவர் அல்லர் ஹரியற் அம்மையார்.

அவன் இறந்து எட்டு மாதங்கள் நிறைவதற்குள், 1833ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14ஆந் திகதி, அம்மையாரும் உடுவிலிலே காலமானார். வயது முப்பத்தாறு. இந்நாட்டில் வாழ்ந்தது பதின்மூன்று ஆண்டுகள். பாடசாலையை நடத்தியது ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். அவர் மறைந்த ஆண்டிலேதான் அரசாங்கத்தின் தடை நீங்கிப் புதிய மிசனரிமார் வந்து சேர்ந்தனர். அவருடைய தங்கையர் மூவரும் தமக்கையின் வழியே மிசனரிமாரின் மனைவியராகக் கடல்கடந்து வந்தனர்.

நிறுவியவர் மறைந்தபோது நிறுவனம் மறையவில்லை. ஸ்போல்டிங் பாதிரியாரும் மனைவியார் மேரி அம்மையாரும் பாடசாலையை ஏற்றனர். 1840ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த எலைசா அக்னியூ அம்மையார் வந்து, 1879 வரையில், ஒரு முறையேனும் தாயகம் திரும்பாது, அதனை நடத்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவியர் அவரிடம் பயின்றனர். 'ஆயிரம் பெண்களின் அன்னை' என்று உலகம் அவரைப் போற்றியது. அந்த அன்னைக்கு வீடு கட்டி வைத்தவர் ஹரியற் அம்மையார் எனலாம்.

அப்பாடசாலையின் பயன் அதன் மதில்களுக்குள் அடங்கவுமில்லை. மிசனரிமாரின் கல்வி முயற்சியைக் கண்டு சைவமக்களும் விழித்தெழுந்தனர். ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1913ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவியபோது, அதற்குத் தெரிந்தெடுத்த இடம் உடுவிலுக்கு அயலிலுள்ள மருதனார்மடம். போட்டியாக எழுந்ததோ, முன்மாதிரியாக எடுத்ததோ, எவ்வாறு கொண்டாலும், பெண்ணுக்குக் கல்வி வேண்டுமா என்னும் கேள்வி அதற்குள் ஓய்ந்துவிட்டது. எத்தகைய கல்வி வேண்டும் என்பதே எஞ்சிய கேள்வி.

அம்மையாரின் பெயரையே பூண்ட மகள் ஒருவர் டலஸ் என்னும் பாதிரியாரை மணந்தார். அந்த மகளின் பேரர்களே ஜோன் பொஸ்டர் டலஸும் அலன் டலஸும். முன்னவர் 1953 முதல் 1959 வரையில் அமெரிக்காவின் இராசாங்க மந்திரியாயிருந்து உலக அரசியலில் பெயர்பெற்றவர். அவருடைய பாட்டியார் பிறந்த ஊர் உடுவில் என்பதை உலகம் அதிகம் அறியாது.

உடுவில் மகளிர் கல்லூரி 2024ஆம் ஆண்டில் இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. வின்சிலோ பாதிரியாரின் சொற்களைத் தேடுவோர் அகராதியைத் திறந்து பார்க்கலாம். ஹரியற் அம்மையாரின் வேலைப்பாட்டைக் காண அவ்வாறு திறந்து பார்ப்பதற்கு நூலொன்றும் இல்லை. உடுவிலிலே எழுத்தறிந்த முதற் பெண் தன் மகளுக்குப் படிப்பித்தாள். அம்மகள் தன் மகளுக்குப் படிப்பித்தாள். யாழ்ப்பாணத்து வீடொன்றிலே விளக்கின் முன் அமர்ந்து பிள்ளைக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் தாய், தன் பாட்டியின் பாட்டி யாரிடம் அரிச்சுவடி கற்றாள் என்பதை அறியாமலே இருக்கலாம். அவ்வாறு அறியாமலே கைமாறி வரும் செல்வத்துக்குத்தான் கல்வி என்று பெயர்.